முள்மரத்து வில்

1998 ஒக்டோபர் 12, திங்கள்

இன்றும் வான் வரவில்லை.

இரண்டொரு நாளில் வருவதாகச் சைகை காட்டி எங்களை இறக்கிவிட்டுப் போன சாரதி அதற்குப் பிறகு இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. வீடு என்று சொல்வது பெரிய சொல். காட்டோரத்தில் ஓர் அறை, ஓர் இரும்பு அடுப்பு, நிலத்துக்குக் கீழே ஒரு கிழங்குக் குழி. யாரோ தேனீ வளர்த்த இடமாக இருக்க வேண்டும். வெறும் தேன்பெட்டிகள் முற்றத்தில் கிடக்கின்றன. கீழே சரிவு முழுவதும் திராட்சைத் தோட்டம். அதற்கும் கீழே ஒரு கிராமம். அங்கே யாருடைய கண்ணிலும் படக்கூடாது. முன்னால் தெரிகிற மலைக்கு அந்தப்பக்கம் ஹங்கேரி என்று, காசு வாங்கி எங்களைக் களவாக அனுப்பும் ஏஜென்சிக்காரன் மொஸ்கோவில் சொன்னான்.

நாங்கள் மூன்று பேர். நான், என் மனைவி கமலியின் தம்பி சுகிர்தன், மொஸ்கோவில் எங்களோடு சேர்ந்துகொண்ட பவளராணி அக்கா. அக்கா வவுனியாவில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர். பாரிஸில் இருக்கும் கணவரைக் கண்டு ஒன்பது வருடமாம். நான் மீன்பிடி வள்ளத்தையும் இயந்திரத்தையும் விற்றுவிட்டு வந்தவன். ஜேர்மனிக்குப் போய் ஒரு வேலை எடுத்து, கொழும்பில் அறையெடுத்து இருக்கும் கமலியையும் மகளையும் கூப்பிட வேண்டும். ஒருநாள் அவள் இதையெல்லாம் வாசிப்பாள் என்றுதான் எழுதுகிறேன்.

சுகிர்தன் நல்ல சுகம்.

ஒக்டோபர் 14, புதன்

வீட்டைச் சுற்றி நிற்பது ஒரே மரம்தான். இலையைப் பார்த்தால் அகத்தி என்றே சொல்லலாம். ஆனால் கொப்பெல்லாம் சோடி சோடியாக முள். விறகு பொறுக்கப் போன இடத்தில் சுகிர்தனின் சப்பாத்து அடியைத் துளைத்துக்கொண்டு ஒரு முள் உள்ளங்காலில் ஏறிவிட்டது. பவளராணி அக்கா ஊசியைச் சுட்டுக் கிளறி எடுத்தார். முழுவதும் வந்ததா என்பது அவருக்குச் சந்தேகம். சுகிர்தன் தையற்காரன், தனக்கு ஊசி புதிதா என்று கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான்.

சின்னக் காயம்.

ஒக்டோபர் 17, சனி

கிழங்கு குறைந்துகொண்டு வருகிறது. ரின்னில் அடைத்த மீனும் இன்று முடிந்தது. விடியற்காலையில் காட்டோரத்துப் புல்லுக்கு மான் வருகிறது. ஆட்டளவுதான், புள்ளி இல்லை. கண்ணி வைத்துப் பார்த்தேன், அறுத்துக்கொண்டு போய்விட்டது.

சுகிர்தனின் பாதம் வீங்கியிருக்கிறது. அவன் நடக்கும் நிலைக்கு வந்ததும் மலையைக் கடந்துவிடலாம். அதற்கு அவன் நன்றாகச் சாப்பிட வேண்டும்.

ஒரு வில் செய்யலாம் என்று நினைக்கிறேன். சின்ன வயதில் தடியை வளைத்து நூல் கட்டிக் குருவிக்கு எய்தது தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வீட்டின் பின்பக்கத்தில், திராட்சைக் கொடிக்கு ஊன்றுவதற்காகப் பிளந்த கட்டைகள் அடுக்கிக் கிடக்கின்றன. எல்லாம் அதே முள்மரம். நன்றாகக் காய்ந்தவை. தட்டினால் மணிபோலச் சத்தம் வருகிறது. குழிக்குள் மழுங்கிய கைக்கோடாரி ஒன்றும் கிடந்தது.

ஒக்டோபர் 20, செவ்வாய்

முதல் வில் முறிந்துவிட்டது.

மூன்று நாள் வேலை. நிலத்திலிருந்து என் நாடி உயரத்துக்குக் கட்டை எடுத்து, நடுவில் பிடிக்குத் தடிப்பு விட்டு, இரண்டு பக்கமும் கோடாரியால் செதுக்கிக்கொண்டே போனேன். பார்க்க அழகாக இருந்தது. பாதி வளைவதற்குள் வில்லின் வெளிப்பக்கத்திலிருந்து ஒரு சிராய் கிளம்பி, அதோடு இரண்டாகப் போய் என் கன்னத்தில் அடித்தது. பவளராணி அக்கா சாம்பலை அப்பிவிட்டார்.

முறிந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். மரத்தின் வரிகளைக் குறுக்காக வெட்டியிருக்கிறேன். வரி அறுந்த இடத்தில்தான் கிளம்பியிருக்கிறது.

ஒக்டோபர் 21, புதன்

மழை. சுகிர்தனுக்குக் கொஞ்சம் காய்ச்சல்.

ஒக்டோபர் 23, வெள்ளி

இரண்டாவது வில். இம்முறை அவசரப்படவில்லை. மேலே இருக்கும் இளமரத்தை, வெளிறை, கத்தியால் சீவி எடுத்தேன். அதற்குக் கீழே முற்றிய உள்மரம், வைரம், பச்சை கலந்த மஞ்சள் நிறம். அதில் ஒரேயொரு வரியைப் பிடித்துக்கொண்டு, அதை எங்கும் அறுக்காமல், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மேல்வரியை மட்டும் உரித்துக்கொண்டு போக வேண்டும். முடிச்சு வந்தால் அதைச் சுற்றி ஏற இறங்க விட்டுப் போக வேண்டும். நகம் வெட்டுவது போல வேலை. அந்தப் பக்கம்தான் வில்லின் முதுகு. செதுக்குவதெல்லாம் என்னைப் பார்க்கும் பக்கத்தில், வயிற்றில்.

மத்தியானம் ஆடு தேடிக்கொண்டு ஓர் ஆள் வந்துவிட்டான். நான் வாசற்படியில் கட்டையோடு இருந்தேன். ஓட நேரமில்லை. அவன் என்னைப் பார்த்தான், கட்டையைப் பார்த்தான், விரலால் சுண்டி "அகாசியா" என்றான், மரத்தின் பெயராக இருக்க வேண்டும். பிறகு சட்டைப் பையில் சாப்பிட வைத்திருந்த பாணில் பாதியை முறித்து என் மடியில் வைத்தான். உள்ளே எட்டிப் பார்க்க முயன்றான். நான் எழும்பி வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன். சுகிர்தன் முனகிய சத்தம் அவனுக்குக் கேட்டிருக்காது.

அவன் யாருக்கும் சொல்லமாட்டான் என்றுதான் நினைக்கிறேன். நல்ல முகம்.

ஒக்டோபர் 26, திங்கள்

பாதத்திலிருந்து முழங்கால்வரை சிவப்பாக ஒரு கோடு ஏறியிருக்கிறது. பவளராணி அக்கா என்னை வெளியே கூப்பிட்டார்.

"தம்பி, இது எங்களுக்கு அடங்காது. கீழ போய் ஆரையெண்டாலும் கூட்டிக்கொண்டு வருவம்."

கிராமத்துக்குப் போனால் பொலிஸ் வரும், பொலிஸ் வந்தால் மூன்று பேரையும் திருப்பி அனுப்புவார்கள், எல்லாம் வீணாகிவிடும் என்று விளக்கினேன். ஒன்பது வருடம் காத்திருந்தவர் நீங்கள், யோசித்துப் பாருங்கள் என்றும் சொன்னேன்.

"அதை நான் யோசிக்காமலோ சொல்லுறன்? பெடியன் இருந்தாத்தானே தம்பி மிச்சமெல்லாம்."

ஒரு மான் விழட்டும், நல்ல சாப்பாடு உள்ளே போனால் உடம்பே நஞ்சை எரித்துவிடும் என்றேன். வில் முடிகிறவரை பொறுக்கச் சொன்னேன். அவர் உள்ளே போய் அவன் காலுக்குப் பக்கத்தில் இருந்தார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒக்டோபர் 28, புதன்

வில்லை வளையப் பழக்கும் வேலை. சுவரில் ஓர் ஆணியில் பிடியை மாட்டி, கயிற்றைக் கட்டிக் கீழே இழுக்க வேண்டும். எங்கே விறைத்து நிற்கிறதோ அந்த இடத்தைக் கண்ணாடித் துண்டால் சுரண்ட வேண்டும். திரும்ப இழுக்க வேண்டும். ஒரு சுரண்டல் கூடினால் அந்த இடம் பலவீனமாகிவிடும்.

இழுக்கிறவனுக்கு வளைவு தெரியாது. சுகிர்தன் படுத்தபடியே பார்த்துச் சொன்னான். சட்டைத் தோள் வெட்டிப் பழகிய கண்.

"மேல்பாதி விறைச்சு நிக்குது அத்தான். பிடியிலயிருந்து ஒரு சாண் தள்ளி."

சுரண்டினேன். இழுத்தேன்.

"இப்ப வடிவு. இனித் தொடாதேங்கோ."

மாலைவரை இப்படியே போனது. அவன் முகத்தில் வெளிச்சம் இருந்தது. இந்த வேலை அவனுக்கு நல்லது. கீழ்ப்பாதி கொஞ்சம் முறுகியிருந்தது. சூரியகாந்தி எண்ணெய் பூசி அடுப்புத் தணலில் காட்டி நிமிர்த்தினேன்.

பவளராணி அக்கா அவன் காலுக்குப் பக்கத்தில் இருந்து துணியை நனைத்து நனைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வில்லை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒக்டோபர் 30, வெள்ளி

பயணப் பையின் நைலோன் பட்டியைப் பிரித்து நாண் முறுக்கினேன். இது என் தொழில். வலைக்கு முறுக்காத கயிறா? பழைய தேன்சட்டத்தில் ஒட்டியிருந்த மெழுகைத் தேய்த்தேன்.

அம்புக்கு நேரான தடிகள் வெட்டித் தணலில் வாட்டி நிமிர்த்தி, ஆணியைத் தட்டையாக அடித்துத் தீட்டி முனையில் கட்டினேன். காகச் சிறகுகளைச் சுகிர்தன் தைத்தான். ஐந்து அம்புக்கும் அவனே தைத்தான். உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஆனால் தையல் நேராக இருக்கிறது. கடைசிச் சிறகோடு நூலைப் பல்லால் கடித்துவிட்டு அப்படியே நித்திரையாகிவிட்டான்.

முழுவதும் இழுத்துப் பார்த்தபோது வில்லின் வயிற்றுப்பக்கம், கீழ்ப்பாதியில், மயிர்போலக் குறுக்கு வெடிப்புகள் தெரிந்தன. நூலை இறுக்கிச் சுற்றிவிட்டேன். தாங்கும்.

ஒக்டோபர் 31, சனி

மான் விழுந்தது.

விடியுமுன்பே புல்லோரத்தில் போய்ப் படுத்தேன். கை மரத்துப்போயிருந்தது. மூன்று மான்கள் வந்தன. ஒன்று பக்கவாட்டில் திரும்பும்வரை பொறுத்து, நாணைக் கன்னம்வரை இழுத்து விட்டேன். வில்லில் சத்தமே இல்லை. விலாவில் ஏறியது. அது உடனே விழவில்லை. மேட்டால் ஓடி, முள்மரங்களுக்குள் புகுந்து, முன்னங்கால் மடிந்து கத்தியது. பிள்ளை கத்துவது போல இருந்தது. போய்க் கத்தியால் முடித்தேன்.

தோளில் தூக்கிக்கொண்டு வந்தேன். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு சிரித்தேன். இந்த நாளைக் கமலிக்கு விரிவாகச் சொல்ல வேண்டும்.

நவம்பர் 1, ஞாயிறு

இறைச்சி அவித்து ரசம்போல வடித்துச் சுகிர்தனுக்குக் கொடுத்தோம். இரண்டு கரண்டி இறங்கியது. பிறகு எல்லாம் வெளியே வந்தது. நெடுநாள் பட்டினிக்குப் பிறகு அப்படித்தான் இருக்கும். நாளைக்குப் பிடிக்கும்.

நானும் அக்காவும் வயிறு நிறையச் சாப்பிட்டோம். அக்கா சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிவிட்டுக் கேட்டார்.

"மான் விழுந்திட்டுது. இனி என்ன தம்பி?"

இறைச்சியை வாட்டிக் காயவைக்க வேண்டும், அதற்கு இரண்டு நாளாவது எடுக்கும் என்றேன். அதுதானே உண்மை.

நவம்பர் 2, திங்கள்

பவளராணி அக்கா தன் சப்பாத்தைக் காணவில்லை என்று வீடு முழுவதும் தேடினார். முற்றத்தில் ஈரம் ஏறிக்கொண்டிருந்ததால் நான்தான் காலையில் அதை எடுத்துக் கூரை மரத்துக்கு மேல் வைத்திருந்தேன், நனையாமல் இருக்கட்டும் என்று. அவர் கேட்டபோது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. பிறகு வந்தது. அப்போது அவர் தேடுவதை விட்டுவிட்டார், அதனால் நானும் சொல்லவில்லை.

இறைச்சி நன்றாகக் காய்கிறது.

நவம்பர் 3, செவ்வாய்

சுகிர்தனுக்குக் காய்ச்சல் இல்லை. கை கால் எல்லாம் நன்றாகக் குளிர்ந்திருக்கிறது.

நவம்பர் 7, சனி

நான் எழுதும் கொப்பியைப் பொலிஸ் திருப்பித் தந்திருக்கிறது. புதன்கிழமை நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

அன்று எழும்பியபோது வெளியே எல்லாம் வெள்ளையாக இருந்தது. பனியில் தடம் தெளிவாகத் தெரியும் என்று வில்லை எடுத்துக்கொண்டு காட்டோரம் போனேன். இறைச்சி இன்னும் மிச்சம் இருந்தது. என்றாலும் போனேன். அந்த அறையில் ஒரு மணம் வரத் தொடங்கியிருந்தது.

கீழே திராட்சைக் கட்டைகளுக்கு நடுவில் ஓர் உருவம் அசைந்தது. பவளராணி அக்கா. இரண்டு காலிலும் கிழங்குச் சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தார். விழுந்து எழும்பி, கட்டைகளைப் பிடித்துப் பிடித்துப் போய்க்கொண்டிருந்தார்.

கத்தினால் கிராமத்துக்குக் கேட்கும். ஓடினேன். அவரை நிறுத்துவதற்காகத்தான் வில்லைத் தூக்கினேன். அம்பு எப்போது நாணில் ஏறியது, நாண் எப்போது கன்னத்துக்கு வந்தது என்று எனக்குத் தெரியாது. மான் நின்றதைவிட அவர் கிட்ட நின்றார்.

திரும்பினார். அம்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"விடுறதெண்டா விடு," என்றார். "பெடியன் செத்துக்கொண்டிருக்கிறான். நிண்டு கதைக்க எனக்கு நேரமில்லை."

அதுவரை ஒருநாளும் என்னை நீ என்று சொல்லாதவர்.

திரும்பி நடந்தார். அவருடைய முதுகு முழுவதும் எனக்கு முன்னால் இருந்தது. கை தாங்கும்வரை நாணை இழுத்தபடியே நின்றேன். பிறகு மெல்ல மெல்லத் தளர்த்தினேன். அம்பு பனியில் விழுந்தது.

வீட்டுக்கு வந்தபோது சுகிர்தன் விழித்திருந்தான். உதடு நீலமாக இருந்தது. தண்ணீர் பருக்கினேன்.

"அக்காவோட கோவிக்காதேங்கோ அத்தான். நான்தான் போகச் சொன்னனான்."

தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"நீங்கள் வெளிக்கிடுங்கோ. அவையள் வரமுன்னம் மலைக்கு அங்கால போயிடலாம். நான் ஆரின்ர பேரையும் சொல்லமாட்டன். அக்காவுக்கும் ஆரபிக்கும் நீங்கள்தானே வேணும்."

அவன் அக்கா என்று இந்தத் தடவை சொன்னது கமலியை. ஆரபி என் மகள்.

கதவு திறந்திருந்தது. மலை மிகத் தெளிவாகத் தெரிந்தது. அன்றுதான் அதில் மேகமே இல்லை. காய்ந்த இறைச்சி கையெட்டும் தூரத்தில் தொங்கியது. நான் எவ்வளவு நேரம் அந்த மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று சொல்ல முடியாது. அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். குறை சொல்லும் பார்வை இல்லை.

வில்லை மூலையில் போட்டேன். அவனைக் கம்பளியால் சுற்றி முதுகில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கினேன்.

அவனில் பாரமே இல்லை. அக்காவின் காலடியைப் பார்த்து நடந்தேன். சில இடங்களில் பனியில் இரத்தம் இருந்தது. வழி முழுவதும் அவனோடு கதைத்துக்கொண்டு போனேன். கலியாணத்துக்கு அவன் எனக்குத் தைத்த சட்டையின் கை நீளமாகப் போனது, அதை மடித்துவிட்டுத் தாலி கட்டியது, படத்தில் அது அப்படியே விழுந்தது எல்லாம் சொன்னேன். முதலில் "ம்" என்றான். சிரித்தது போலவும் இருந்தது. பிறகு கழுத்தைச் சுற்றியிருந்த கை தளர்ந்தது. நித்திரையாகிவிட்டான் என்று நினைத்தேன். இரண்டு கையையும் என் ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கதைத்தபடியே நடந்தேன்.

தோட்டத்தின் அடியில் ஒரு ஜீப் வந்து நின்றது. ஒரு பெண் வைத்தியர், இரண்டு பொலிஸ்காரர், அன்று பாண் தந்த அந்த ஆள், பவளராணி அக்கா. வைத்தியர் அவனை என் முதுகிலிருந்து இறக்கவில்லை. அப்படியே கழுத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். ஏதோ சொன்னார். பொலிஸ்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

அவனுக்கு நித்திரை, கொஞ்சம் பொறுத்தால் எழும்புவான் என்று நான் தமிழில் சொல்லிக்கொண்டே நின்றேன்.

பவளராணி அக்காதான் வந்து, என் கையைப் பிரித்து, அவனை வாங்கி, பனியிலேயே உட்கார்ந்து தன் மடியில் தலையை வைத்துக்கொண்டார்.

நவம்பர் 9, திங்கள்

ஊருக்கு வெளியே ஒரு மயானத்தில் அடக்கம் செய்தார்கள். எங்களை விலங்கில்லாமல் கூட்டிப்போனார்கள். முள் காலில் ஏறிய அன்றோ அடுத்த வாரமோ கொண்டு வந்திருந்தால் என்று வைத்தியர் ஆங்கிலத்தில் தொடங்கினார். பிறகு முடிக்காமல் விட்டுவிட்டார்.

நவம்பர் 12, வியாழன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

நவம்பர் 16, திங்கள்

எங்களைத் தடுத்து வைத்திருக்கும் இடத்தில் இன்று ஒரு தொலைபேசி அழைப்புக்கு அனுமதி தந்தார்கள். இறந்தவரின் வீட்டுக்குச் சொல்வதற்காக. கமலி இருக்கும் கொழும்பு லொட்ஜின் இலக்கம் எனக்கு மனப்பாடம். அதிகாரி என்னை அறைக்குள் கூட்டிப் போனபோது பவளராணி அக்காவும் பின்னால் வந்தார். காலில் கட்டு; பனியில் விறைத்துக் கறுத்த மூன்று விரல்களை வலதுகாலில் எடுத்துவிட்டார்கள். அவரைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பும் கடிதம் வந்துவிட்டது. கணவருக்கு இன்னும் சொல்லவில்லையாம்.

அன்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. இன்று பேசினார்.

"நம்பரைத் தா. உன்ர மனுசியோட நான் கதைக்கிறன்."

நான்தான் சொல்ல வேண்டும், என் மனைவி என்றேன்.

"நீ உன்ர கதையைச் சொன்னா அவ நம்புவா. அதுதான் வேண்டாம்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"என்னைப் பாத்து நீ வில்லு இழுத்ததை நான் சொல்லமாட்டன். அது என்னோட போகட்டும். அவவின்ர தம்பிக்கு என்ன நடந்ததெண்டு அவவுக்குத் தெரிய வேணும். அதை மட்டும் சொல்லுறன்."

இலக்கத்தைச் சொன்னேன். என்னை வெளியே நிற்கச் சொன்னார். கதவில் சின்னக் கண்ணாடி ஒன்று இருந்தது. அவருடைய உதடு அசைவது தெரிந்தது. மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஓரிடத்தில் தன் கண்ணைத் துடைத்தார். ஓரிடத்தில் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கதவைத் திறந்து ரிசீவரை என் பக்கம் நீட்டினார்.

"கமலி," என்றேன்.

பின்னால் எங்கோ ஆரபியின் குரல் கேட்டது. கமலி அவளை வெளியே போகச் சொன்னாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"அந்த அக்கா சொன்னதெல்லாம் உண்மையோ?"

"ஓம்," என்றேன். "அதுக்கு மேலயும் இருக்கு."

அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார், ஆனால் வந்து ரிசீவரை வாங்கவில்லை. பவளராணி அக்கா கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார்.

"சொல்லுங்கோ," என்றாள் கமலி.